எரியட்டும் என்று சொன்ன கார்பைட்டார்

மலாயாவின் ஜொகூர் ராஜ்ஜியம் முழுவதிலும் தீயை அதட்டி நிற்கவைக்கத் தெரிந்த மனிதர் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் எங்கள் ரப்பர்த் தோட்டத்தில் இருந்தார். சிங்கப்பூரிலும் அப்படி ஒருவர் உண்டு என்று ஒரு நண்பர் பின்னாளில் சொன்னார். நான் நம்பவில்லை. எதைச் சொன்னாலும் அது எங்களிடமும் இருக்கிறது என்பது சிங்கப்பூர்க்காரர்களின் வழக்கம்.

அவரை எல்லோரும் கார்பைட்டார் என்றே கூப்பிட்டோம். செக்ரோலில், அதாவது ஆட்களின் சம்பளப் பதிவேட்டில், அவருக்கு வேறு ஒரு பெயர் இருந்தது. மாதாமாதம் அதை எழுதியவன் நான்தான். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் ஊரில் யாரும் திரும்பமாட்டார்கள், அவரும் திரும்பமாட்டார்.

முப்பதுகளின் தொடக்கம் அது. தோட்டம் செடெனாக்குக்குப் பக்கத்தில். நான் அங்கே பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. மிஷன் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படித்தவன். விடுமுறை விண்ணப்பத்திலிருந்து மாட்டுவண்டிச் சக்கரம் மாற்றுவதுவரை எந்தக் காரியத்துக்கு எத்தனை பிரதி வேண்டும் என்பது எனக்குத் தலைகீழாகத் தெரியும். தெரியாதவற்றுக்கு நானே ஒரு நடைமுறை எழுதிவிடுவேன். அந்த வியாதியால் விளைந்ததுதான் இந்தக் கதை.

அப்போது எங்கள் தோட்டத்தில் மின்சாரம் கிடையாது. துரை பங்களாவிலும் ஆபீசிலும் ஆஸ்பத்திரியிலும் கார்பைடு விளக்கு. கார்பைடு என்பது பார்ப்பதற்குச் சாம்பல் நிறக் கல். தண்ணீர் பட்டதும் பொங்கி ஒரு வாயுவை விடும். அந்த வாயு எரிந்தால் பால் வெள்ளையாக வெளிச்சம். ரப்பர் ஸ்டோருக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் கார்பைடு டிரம்கள் அடுக்கியிருக்கும். கொட்டகையின் ஓரத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி. அதில் யானைக்குச் சோறாக்குகிற அண்டாவைக் கவிழ்த்துப் போட்டது போல ஒரு பெரிய இரும்புப் பாத்திரம் மிதக்கும். உண்டாகிற வாயு அந்த அண்டாவுக்குள் சேரும். சேரச் சேர அண்டா மேலே எழும்பும். அதன் கனம்தான் வாயுவைப் பைப்புக்குள் தள்ளும். மேலே ஒரு கல்லை வைத்தால் இன்னும் வேகமாகத் தள்ளும். இவ்வளவுதான் இயந்திரம். மீதியெல்லாம் கார்பைட்டார்.

அந்த வாயுவுக்குப் பூண்டு வாடை. கார்பைட்டாரோ பரம்பரையாகப் பூண்டு சேர்க்காத வீட்டில் பிறந்தவர். கோயிலில் பூசாரி அவரைக் கண்டதும் மூக்கைப் பொத்துவார்.

"பூண்டு தின்னுட்டு சந்நிதிக்கு வராதீங்கன்னு எத்தன வாட்டி சொல்றது?"

"நான் திங்கலங்க. என் வேலை திங்குது."

"அப்ப உங்க வேலைய வெளிய வுட்டுட்டு வாங்க."

"வுட்டா அது வெடிக்கும். பரவால்லியா?"

பூசாரி அவரை உள்ளே விட்டார். ஆனால் விபூதியைத் தூர நின்றுதான் போட்டார்.

கார்பைட்டார் விளக்குகளை ஆள் போலப் பாவித்தார். விளக்கின் வாய்த் துளையைக் குத்திச் சுத்தம் செய்ய ஊசிகள் வேண்டும். அவற்றைத் தலைப்பாகையில் வரிசையாகச் செருகியிருப்பார். ஒரு வீட்டு வாசலில் நின்றாலே போதும். உள்ளே போகாமல் காதால் கேட்டு நோயைச் சொல்லிவிடுவார். "மூணாவது ரூம்பு விளக்கு விசில் அடிக்குது. காத்து தாங்கல அதுக்கு." போய்ப் பார்த்தால் மூன்றாவது அறை விளக்குதான் விசில் அடித்துக்கொண்டிருக்கும். விளக்கு இருக்கிற அறையில் கதவைப் படார் என்று சாத்தினால் அவருக்குக் கோபம் வரும். தும்மினால் முறைப்பார். ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளி விளக்குக்குக் கீழே நாலு முறை தொடர்ந்து தும்மினான் என்பதற்காக அவனைக் கட்டிலோடு வராந்தாவுக்கு மாற்றச்சொல்லிச் சண்டை பிடித்தார். அவருடைய மனைவி அந்த ஆஸ்பத்திரியில் ஆயா. அந்த அம்மாள்தான் இவரை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார், மெதுவாக.

என் ஆபீஸ் விளக்கு மட்டும் எப்போதும் சீறிக்கொண்டே இருக்கும். மூன்று முறை புகார் எழுதினேன்.

"உங்க விளக்குல கோளாறு இல்லங்க ஐயா," என்றார். "கிராணி ஆபீசு விளக்குன்னா கொஞ்சம் சீறத்தான் செய்யும்."

ஒரு நாள் நான் கொட்டகைக்குப் போனபோது, திறந்து மூடுகிற குழாய் வைத்த ஒரு சின்னப் பைப்பைக் கொளுத்தி அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார். தோட்டத்து வாயுவை விளையாட்டுக்கு எரிப்பது எந்த விதிப்படி சரி என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் பேச ஆரம்பித்துவிட்டார்.

"ஐயா, சம்பளத்தன்னிக்கு சாயங்காலம் கள்ளுக்கடை வாசலப் பாத்துருக்கீங்களா?"

"நான் அந்தப் பக்கம் போறதில்ல."

"தூரத்துல இருந்தாச்சும் பாத்துருப்பீங்க. உள்ள இருந்து கூட்டம் வெளிய தள்ளிக்கிட்டு வரும். ஒருத்தன் மட்டும் உள்ள போவணும்னு எதுத்து நடப்பான். அவன் நடக்குறதும் கூட்டம் தள்ளுறதும் சமமா இருந்தா என்ன ஆவும்? நின்ன எடத்துலயே நடந்துகிட்டு இருப்பான். அதாங்க தீ. கேஸ் வெளிய ஓடியாருது. தீ உள்ள போவப் பாக்குது. ரெண்டும் சமமா இருக்குற எடத்துல நிக்குது."

குழாயைக் கொஞ்சம் திறந்தார். சுடர் நீண்டது. இன்னும் திறந்தார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். சுடர் பைப்பின் வாயை விட்டு விலகி, இரண்டு விரல் அகலத்துக்கு அப்பால், பிடிமானமே இல்லாமல் அந்தரத்தில் நின்று உறுமியது. பைப்புக்கும் தீக்கும் நடுவே ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாத இடத்தில் கார்பைட்டார் சுட்டுவிரலை நீட்டி எடுத்தார். விரல் சுடவில்லை.

"இங்க தீ கெடையாது. வெறும் கேஸ்தான், பச்சத் தண்ணியாட்டம் இருக்கும். கூட்டம் தள்ளுன தள்ளுல ஆளு பின்னால போயி நிக்கிறான். இன்னும் தள்ளுனா..." மேலும் ஒரு திருகு. சுடர் ஒரு துள்ளுத் துள்ளிக் காணாமல் போனது. உஸ்ஸென்ற சத்தம் மட்டும் மிச்சம். உடனே குழாயை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். "இதாங்க ஐயா பயம். எரியுறப்ப பயமில்ல. அணைஞ்சப்புறம் தொறந்து கெடக்கு பாருங்க, அதுதான் பயம்."

நான் தலையை ஆட்டிவிட்டு, வாயுவை விளையாட்டுக்கு எரிப்பது பற்றி ஒரு குறிப்பு எழுதினேன்.

அந்தப் பயம் என்னவென்று சின்னத் துரையும் ஒரு நாள் தெரிந்துகொண்டார். தோட்டத்துக்கு இரண்டு துரைகள். பெரிய துரை நிர்வாகி. சின்னத் துரை அவருக்கு உதவியாளர், கப்பலிலிருந்து இறங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கம்பெனி ஏஜெண்டு ஒருவர் வந்திருந்தார். பங்களாவில் சாயங்கால விருந்து. வெளிச்சம் போதவில்லை என்று சின்னத் துரைக்குத் தோன்றியது. கார்பைட்டாரிடம் சொல்லாமல் ஆளை அனுப்பி, அண்டாவின் மேல் நாலு கருங்கல்லை ஏற்றச்சொன்னார். சூப்பு பரிமாறும்போது விளக்குகள் விசில் அடித்தன. பிறகு சுடர்கள் ஒவ்வொன்றாக வாயை விட்டுத் துள்ளிக் குதித்து அணைந்தன. இருட்டு, உஸ்ஸென்ற சத்தம், பூண்டு வாடை. ஏஜெண்டின் வாயில் மட்டும் சுருட்டு நுனி சிவப்பாக மின்னியது.

கைலியும் பனியனுமாக கார்பைட்டார் ஓடிவந்தார். அனுமதி கேட்கவில்லை, ஸலாம் வைக்கவில்லை. நேராக ஏஜெண்டின் வாயிலிருந்து சுருட்டைப் பிடுங்கி அவருடைய சூப்பிலேயே போட்டு அமுக்கினார். ஜன்னல்களைத் திறந்தார். "எவனாச்சும் தீக்குச்சியத் தொட்டீங்க..." என்று பொதுவாக ஒரு வாக்கியத்தைத் தொடங்கி, முன்னால் இருப்பவர்கள் யார் என்று நினைவு வந்ததும், "...தொட்டீங்கன்னா நல்லா இருக்காது தொரை" என்று மரியாதையாக முடித்தார்.

ஏஜெண்டு விஷயம் தெரிந்தவர், சிரித்துவிட்டார். பெரிய துரையும் சிரித்தார். சின்னத் துரை சிரிக்கவில்லை. கல் ஏற்றச்சொன்னது யார் என்று எல்லோருக்கும் தெரிந்துபோனதை அவர் மறக்கவே இல்லை.

இனி என் பங்கு. கம்பெனியிலிருந்து, எல்லாத் தோட்டங்களிலும் தீ விபத்து நடைமுறை எழுதி ஒட்ட வேண்டும் என்று கடிதம் வந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் எந்தக் கடிதத்தையும் பிரித்ததில்லை. பதினொரு விதிகள் எழுதினேன். மூன்று மட்டும் இங்கே போதும். நாலாவது: தீயைக் கண்டவுடன் தண்ணீர் ஊற்றி அணைக்க வேண்டும். ஐந்தாவது: ஒவ்வொரு கட்டடத்திலும் சிவப்பு வர்ணம் அடித்த இரண்டு வாளிகளில் தண்ணீர் நிரப்பித் தொங்கவிட வேண்டும். ஒன்பதாவது: தீ விபத்தின்போது மேலதிகாரியின் உத்தரவை மீறுபவர் இருபத்துநாலு மணி நேரத்தில் தோட்டத்தை விட்டு வெளியேற்றப்படுவார்.

ஒவ்வொரு கட்டடத்திலும் என்று எழுதினேன் அல்லவா? கார்பைட்டுக் கொட்டகையும் கட்டடம்தான். தண்ணீர் பட்டால் பொங்கி வாயு கக்குகிற கல் நிறைந்த டிரம்களுக்கு நேர் மேலே, ததும்பத் ததும்ப இரண்டு வாளித் தண்ணீரைத் தொங்கவிட்டேன். மிஷன் பள்ளியில் எனக்கு இங்கிலீஷில் முதல் பரிசு கொடுத்தார்கள் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை பரிசோதனைக்குப் போனபோது வாளிகளில் தண்ணீர் இல்லை, மணல் இருந்தது. குறிப்பு எழுதி அனுப்பினேன்: "வாளியில் நீர் இல்லை. விளக்கம் தருக." குறிப்பின் பின்பக்கத்தில் ஏதோ எழுதித் திருப்பி அனுப்பினார். வந்த பதிலில் "பார்வையிடப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கோப்பில் சேர்ப்பது நடைமுறை. சேர்த்தேன். மறுமாதம் மறுபடி மணல். மறுபடி குறிப்பு, மறுபடி பதில், மறுபடி கோப்பு. மூன்றாவது தடவை போனபோது ஒரு வாளியில் மிளகாய்ச் செடி முளைத்திருந்தது.

"என்னய்யா இது?"

"செடிங்க. வாளி சும்மாதான தொங்குது."

மூன்றாவது குறிப்பு, மூன்றாவது பதில், "பார்வையிடப்பட்டது".

பிறகு அந்தச் சனிக்கிழமை வந்தது. பிற்பகல் நாலு மணி. பெரிய துரை ஜொகூர் பாருவுக்குப் போயிருந்தார். கொட்டகையின் முன்சுவருக்கு வெளியே, வாயுவை மூடித் திறக்கிற இரும்புத் திருகுக்கு ஒட்டினாற்போல் பைப்பில் ஒரு இணைப்பு உண்டு. அங்கே கசிந்து தீப் பிடித்துக்கொண்டது. எப்படிப் பிடித்தது என்பதற்கு, பிற்பாடு நான் எழுதிய அறிக்கையில், "காரணம் தெரியவில்லை" என்று போட்டேன். எல்லாத் தீக்கும் பொருந்துகிற காரணம் அது ஒன்றுதான்.

மணி அடித்தார்கள். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது இரண்டு முழ நீளத்துக்குச் சுடர் படுக்கைவாட்டில் உறுமிக்கொண்டிருந்தது. திருகு அதற்குள் முழுகிக் கிடந்தது. என் நடைமுறை அற்புதமாக வேலை செய்தது. ஐந்து நிமிஷத்தில் இருநூறு பேர் வாளியும் மண்ணெண்ணெய்த் தகரமுமாக ஆற்றிலிருந்து வரிசை கட்டி நின்றார்கள். இவ்வளவு ஒழுங்காக ஒரு வரிசையை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. பெருமையில் எனக்குக் கண் கலங்கியது.

வரிசையின் தலைமாட்டில், கொட்டகைக் கதவை மறித்துக்கொண்டு கார்பைட்டார் நின்றார். கையில் விளக்குமாறு.

"தண்ணியக் கீழ வைங்கடா! உள்ள டிரம்மு தொறந்து கெடக்கு. ஒரு வாளி உள்ள போச்சு, இந்தத் தோட்டம் செனாய் டவுனுல போயி வுழும்!"

முன்னால் நின்றவன் வாளியைக் கீழே வைத்தான். அவனுக்குப் பின்னால் இருநூறு வாளிகள் முட்டிக்கொண்டன.

சின்னத் துரை வந்துசேர்ந்தார். புத்தகத்தில் படித்த தமிழில் கத்தினார்.

"நீ விலகு! தண்ணீர் ஊற்று! இது என் உத்தரவு!"

"எரியட்டும் தொரை."

"என்ன?"

"எரியட்டும். எரியுற வரைக்கும் அது எங்க இருக்குன்னு நமக்குத் தெரியும். அணைச்சீங்கன்னா எங்க போவும்னு தெரியாது." விளக்குமாற்றால் பக்கத்துக் கட்டடத்தைக் காட்டினார். அது ரப்பர்ப் பாளங்களைப் புகை போடுகிற கொட்டகை. அதன் அடியில் இரவும் பகலும் விறகு எரியும். "திருகு மூடாம தீய மட்டும் அணைச்சா, கேஸு சும்மா வந்துகிட்டே இருக்கும். நேரா அங்கதான் போவும்."

நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "நாலாவது விதி!" என்று கூவினேன். "தீயைக் கண்டவுடன்..."

"ஐயா, உங்க விதி வெறகுக்கு எழுதுனது. இது வெறகு இல்ல. நீங்க எத்தன கட்டி எடை?"

அந்த நாளில் எடையைக் கட்டிக் கணக்கில்தான் சொல்வோம்; ஒரு கட்டி அறுநூறு கிராம் சொச்சம். திகைப்பில் உண்மையைச் சொல்லிவிட்டேன். "நூத்தி நாப்பது கட்டி."

"அலமாக்! அம்சமா இருக்கு. கோட்டக் கழட்டாதீங்க, அதுவும் வேணும். போயி அண்டா மேல ஏறி உக்காருங்க."

இருநூறு பேர் முன்னிலையில் ஒரு பெரிய கிராணியைப் பார்த்துச் சொன்ன வார்த்தை இது.

"கல்ல ஏத்து லா!" என்றேன்.

"கல்லு வச்சா வச்சதுதான். நான் எந்திரின்னா எந்திரிக்குமா? கல்லுக்குக் காது இல்லிங்க ஐயா."

அப்போதுதான் எனக்கு அந்தச் சின்னப் பைப்பு ஞாபகம் வந்தது. அந்தரத்தில் நின்ற சுடரும், நடுவே சுடாத விரலும். தீயைச் சிறிதாக்கினால் அது திருகின்மேலேயே குந்திக்கொள்ளும். பெரிதாக்கினால் விலகி நிற்கும். விலகின இடத்தில் கையை விடலாம். இந்த ஆள் தீயை அணைக்கப் போவதில்லை. தள்ளி நிற்கச்சொல்லப் போகிறார்.

"எடை அதிகமாச்சுன்னா?" என்றேன்.

"தீ துள்ளி அணைஞ்சிரும். அப்புறம் பொகக் கொட்டகை. அப்புறம் நாம யாருமே பெரட்டுக்கு வர வேண்டியதில்ல."

பெரட்டு என்பது விடியற்காலையில் ஆள் கூட்டிப் பெயர் கூப்பிடுவது. பெயர் கூப்பிடுகிறவன் நான். நான் ஏறினேன்.

வெள்ளை டிரில் கால்சட்டை, கோட்டு, கழுத்தில் டை, கையில் பதினொரு விதிகளின் பிரதி. அண்டா எனக்கடியில் மெல்ல அமிழ்ந்தது. கொட்டகையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்ததால் எனக்குத் தீ தெரிந்தது, ஆனால் எட்டிப் பார்த்தால்தான். எட்டிப் பார்த்தால் எடை ஒரு பக்கமாகச் சாயும். ஆகவே கழுத்தை மட்டும் திருப்பினேன். உறுமல் கூடியது. சுடர் நீண்டு, நடுங்கி, பைப்பை விட்டு ஒரு விரல்கடை விலகியது.

"இன்னும் கொஞ்சம்!" கார்பைட்டாரின் குரல். "அந்த ரூல் புக்கு கையில இருக்கா? மடியில வைங்க!"

வைத்தேன். சுடர் ஒரு சாண் விலகிப்போய் அந்தரத்தில் நின்றது.

"நானும் ஏறவா?" என்று சின்னத் துரை கேட்டார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். அது நல்ல மனசுதான்.

"வேணாம் தொரை! அன்னிக்கு ஏத்துன கல்லே போதும்!" ஈரச் சாக்கைத் தோளிலும் முகத்திலும் சுற்றிக்கொண்டு கார்பைட்டார் சுவரோரமாகத் தவழ்ந்து நெருங்கினார். "ஐயா, மூச்சு விடாதீங்க!"

மூச்சு விடுவதற்கும் எடைக்கும் சம்பந்தமில்லை என்பதை இன்று நான் அறிவேன். அன்று விடவில்லை. இருநூறு பேரும் விடவில்லை.

தீக்கும் பைப்புக்கும் நடுவே, அந்த ஒன்றுமில்லாத இடத்தில் அவர் கை நுழைந்தது. திருகு சுற்றியது. ஒரு சுற்று. இரண்டாவது சுற்றில் சுடர் திரும்பித் திருகின்மேல் விழப் பார்த்தது. அதற்குள் மூன்றாவது சுற்று. டப் என்று ஒரு சின்னச் சத்தம். அவ்வளவுதான். அத்தனை நேரம் உறுமிய இடத்தில், புகைக்கொட்டகையின் பின்னாலிருந்து ஒரு கோழி கத்துவது கேட்டது.

"இப்ப மூச்சு விடலாம்ங்க ஐயா."

எல்லோரும் அவரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். வலது கையில் கொப்புளம். ஒரு புருவம் போயிருந்தது. என்னை எல்லோரும் மறந்துவிட்டார்கள். இறங்குவதற்கு யார் அனுமதி கொடுக்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டு இன்னும் கால்மணி நேரம் அண்டாவின் மேலேயே உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் ஞாயிறு காலையில் சின்னத் துரை ஆபீசுக்கு வந்தார். முந்தைய நாளின் நல்ல மனசு ராத்திரியோடு கரைந்துபோயிருந்தது. இருநூறு பேர் முன்னால் தன் உத்தரவை ஒரு விளக்குக்காரன் மறுத்தான். கல்லை வேறு ஞாபகப்படுத்தினான். ஒன்பதாவது விதிப்படி இருபத்துநாலு மணி நேர நோட்டீஸ் டைப் செய்து, அறிக்கையோடும் உரிய கோப்போடும் நாளைக் காலை பெரிய துரையின் மேஜையில் வை என்றார்.

அந்த வருஷம் ரப்பர் விலை பாதாளத்தில் கிடந்தது. தோட்டம் தோட்டமாக ஆட்களை இந்தியாவுக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்தார்கள். நோட்டீஸ் வாங்கின ஆளுக்கு வேறு தோட்டம் கிடையாது. கார்பைட்டார் போனால் ஆயா அம்மாளும் போக வேண்டும்; வீடு தோட்டத்து வீடு. கையில் கட்டோடு, ஒற்றைப் புருவத்தோடு, பினாங்குக்குப் போய்க் கப்பல் ஏற வேண்டியதுதான்.

நோட்டீசை டைப் செய்தேன். மூன்று பிரதி. பிறகு கோப்பை எடுத்தேன். என்னுடைய மூன்று குறிப்புகளும் இருந்தன. அந்தக் காகிதங்களை அன்றுதான் முதல்முறையாகத் திருப்பிப் பார்த்தேன்.

முதல் பதில்: "இங்கே தண்ணீர் ஆகாது. கல் பொங்கும். மணல் வைத்திருக்கிறேன்."

இரண்டாவது: "ஐயா, முன்னமே எழுதினேன். தண்ணீர் ஆகாது. தீப் பிடித்தாலும் ஊற்றக்கூடாது. திருகை மூடின பிறகுதான் அணைக்க வேண்டும். ஆட்களுக்குச் சொல்லிவைக்கவும்."

மூன்றாவது: "ஐயா படிக்கிறீர்களா இல்லையா தெரியவில்லை. செடி நன்றாக இருக்கிறது."

மூன்றின் கீழும் என் கையெழுத்து. பார்வையிடப்பட்டது. பார்வையிடப்பட்டது. பார்வையிடப்பட்டது.

எங்கள் ஆபீசில் ஒரு நடைமுறை உண்டு. பதிலில் கையெழுத்திட்டுப் பதினாலு நாளுக்குள் மறுப்பு எழுதாவிட்டால், அந்தப் பதில் நிர்வாகத்தால் ஏற்கப்பட்டதாகக் கருதப்படும். அதையும் நான்தான் எழுதினேன். அதன்படி கார்பைட்டுக் கொட்டகையில் தண்ணீர் கூடாது என்பது இரண்டு மாதத்துக்கும் மேலாகத் தோட்டத்தின் அமலில் இருக்கிற விதி. அதைக் காப்பாற்றினவர் கார்பைட்டார். மீறப் பார்த்தவர்கள் இரண்டு பேர்: ஒருவர் சின்னத் துரை, இன்னொருவர் நாலாவது விதியைக் கூவினவர்.

மூன்று காகிதங்களை உருவி எடுப்பது சுலபம். கோப்பைக் கட்டுகிறவனும் நான், பூட்டுகிறவனும் நான். கப்பலேற்றப்படும் பட்டியலில் கிராணிகளும் இருந்த வருஷம் அது. ஒரு நொடிகூடத் தயங்கவில்லை என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. சாயங்காலம்வரை தயங்கினேன். தலைக்குமேல் அந்த விளக்கு சீறிக்கொண்டே இருந்தது. பிறகு மூன்று காகிதங்களையும், பின்பக்கம் மேலே வரும்படி, நோட்டீசின் மேல் வைத்துக் கட்டினேன்.

திங்கட்கிழமை பெரிய துரை படித்தார். அவர் தோட்டத்திலேயே தலை நரைத்தவர். எங்களைப் போலவே தமிழ் பேசுவார்.

"இந்த ஆளு மூணு தடவை சொல்லிருக்கான்."

"ஆமாங்க தொரை."

"நீ மூணையும் பாத்துருக்க."

"கையெழுத்துப் போட்டேன் தொரை. பாக்கல."

அவர் நோட்டீசை எடுத்து நாலாகக் கிழித்தார். பிறகு, அண்டாவின் மேல் நான் உட்கார்ந்திருந்த காட்சியை மறுபடி விவரிக்கச்சொல்லிக் கேட்டார். இரண்டு தடவை. எனக்கு எழுத்துமூலம் கடும் எச்சரிக்கை. அதை நானே டைப் செய்து, நானே பெற்றுக்கொண்டு, நானே "பார்வையிடப்பட்டது" போட்டுக் கோப்பில் வைத்தேன். இந்த முறை படித்துவிட்டுத்தான் போட்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் போய்க் கார்பைட்டாரிடம் விஷயத்தைச் சொன்னேன். கட்டிலில் உட்கார்ந்து இடது கையால் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் யோசித்துவிட்டு ஒன்று கேட்டார்.

"அப்ப செடி இருக்கலாமுங்களா?"

"இருக்கலாம்."

"நல்லது." இன்னும் கொஞ்சம் கஞ்சி குடித்தார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒண்ணு சொல்றேன், தப்பா நெனைக்காதீங்க. நீங்க நல்ல எடைங்க ஐயா."

முப்பத்திரண்டு வருஷம் உத்தியோகம் பார்த்தவன் நான். பிரிவுபசாரத்தின்போது கண்ணாடிச் சட்டம் போட்ட நற்சான்றுகூடக் கொடுத்தார்கள். அது எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று தெரியாது. இது மட்டும் ஒரு எழுத்துக் குறையாமல் ஞாபகம் இருக்கிறது.

அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் ஆபீஸ் விளக்கு சீறுவதை நிறுத்திவிட்டது. எனக்கு நாலு நாள் வேலையே ஓடவில்லை. கடைசியில் ஆள் அனுப்பி, பழையபடி வைக்கச்சொன்னேன். அவர் ஏனென்று கேட்கவில்லை. ஊசியால் ஒரு குத்து. மிளகாய் காய்த்தபோது முதல் பறிப்பு என் வீட்டுக்கு வந்தது, வாளியோடு.

பிறகு ஜப்பான்காரன் சண்டை வந்தது, தோட்டம் கலைந்தது. கார்பைட்டாரும் ஆயா அம்மாளும் எந்தப் பக்கம் போனார்கள் என்பது எந்தக் கோப்பிலும் இல்லை. தேடியிருக்கிறேன்.

இப்போது ஜொகூர் பாருவில் என் வீட்டிலும் கேஸ் அடுப்பு வந்துவிட்டது. என் மனைவி அவசரத்தில் குமிழை முழுக்கத் திருப்பிவிடுவாள். நீலச் சுடர் அடுப்பின் வாயை விட்டு ஒரு நூலளவு விலகி, அந்தரத்தில் நின்று லேசாக உறுமும்.

"என்ன, அடுப்பப் பாத்துகிட்டு அப்படியே நின்னுட்டீங்க?" என்பாள்.

 விடலாம் என்று யாராவது சொல்லும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.